கால்பந்து வீரர் மரடோனா முதலில் ஆடிய கிளப் போகா ஜூனியர்ஸ் இல்லை

"மரடோனா சிறுவயதிலிருந்தே போகாவில் வளர்ந்தவர், முதல் ஆட்டமும் போகாவின் லா பொம்பொனேரா மைதானத்தில்தான்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

போகா அவர் நெஞ்சில் இருந்த கிளப் என்பது உண்மைதான், ஆனால் அவரைக் கண்டெடுத்து வளர்த்தது போகா இருக்கும் அதே பியூனஸ் அயர்ஸ் நகரின் இன்னொரு கிளப்பான அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ். அவர்களுடைய 'செபொயிட்டாஸ்' (சின்ன வெங்காயங்கள் என்று அர்த்தம், எவ்வளவு அழகான பெயர்!) சிறுவர் அணியில் ஆடி, 1976 அக்டோபர் 20 அன்று, 16 வயது நிறைய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, தாயேரெஸ் அணிக்கு எதிராக முதல் டிவிஷனில் (அர்ஜென்டினாவின் உயர்மட்ட லீக்) இறங்கினார். லா பத்தெர்னால் பகுதியில் உள்ள அந்த கிளப்பின் மைதானத்துக்கே இன்று அவர் பெயர்தான்.

போகாவுக்கு வந்தது 1981-இல், அதுவும் லோனில் (தற்காலிகக் கடனாக). அந்த வருடமே மெட்ரோபொலித்தானோ என்ற அர்ஜென்டினா லீக் பட்டம் வென்றார்கள். 1982-இல் பார்சிலோனா போய்விட்டார். அப்புறம் 1995-இல் திரும்பி வந்து, 1997-இல் போகா சட்டையிலேயே கடைசி ஆட்டம் ஆடினார்.

போகாவைக் கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுகிறேன். அதற்காக அவரை வளர்த்த அந்தச் சின்ன கிளப்பின் பெயரை அழிக்காதீர்கள்.