பீர் பைக்கை ஜெர்மனி நீதிமன்றம் தடை செய்யவில்லை

"குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம் என்பதால் ஜெர்மனி நீதிமன்றம் பீர் பைக்கை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது" என்று சொல்வது தவறு, காரணமும் தவறு, முடிவும் தவறு.

பீர் பைக் என்பது பலர் பீர் குடித்தபடியே சேர்ந்து பெடல் மிதித்து நகர்த்தும் வண்டி. அதில் நடுவே ஒரு மேசை, சுற்றிலும் பதினாறு பேர் வரை உட்காரலாம், அவர்களில் ஒரு பகுதியினர் பெடல் மிதிப்பார்கள். ஆனால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் குடிக்காத ஓட்டுநர் ஒருவர் கையில், அவர் வண்டி நிறுவனத்தின் ஆள். அதனால் வழக்கே குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றியது அல்ல.

டுஸல்டோர்ஃப் நகர வழக்கில் 2011-இல் மியூன்ஸ்டர் நீதிமன்றம் கேட்ட கேள்வி வேறு: இது போக்குவரத்தா, சாலையில் நடக்கும் பார்ட்டியா? மெதுவாகப் பாட்டும் பீருமாக நகர்வதைப் பார்த்து, முதன்மை நோக்கம் பார்ட்டிதான், ஆகவே நகராட்சியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றது. 2012-இல் லைப்சிக்கில் இருக்கும் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. சரி, அனுமதி கேட்பதும் தடையும் ஒன்றா? இல்லவே இல்லை. எந்தத் தெரு, எந்த நேரம் என்று நகராட்சி தீர்மானிக்க அதில் வழி இருக்கிறது.

அப்புறம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம். அங்கே 2017 நவம்பரில் வந்தது உண்மையிலேயே தடைதான், ஆனால் நகர மையத்துக்கு மட்டும். கூச்சலும் நெரிசலும் தாங்காமல் அங்கே குடியிருப்பவர்கள் மனு கொடுத்துப் போராடியதன் விளைவு அது. அவர்கள் பக்கம்தான் நானும்.