மாலத்தீவு கோலும் மாலை வாங்கிய விருந்தினரும்

ஞாயிற்றுக்கிழமை நடந்த பிள்ளைகள் கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பு விழாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே விருந்தினராக வந்த ஒருவர் பேசிய வீடியோ காரைக்குடி வாட்ஸப் குரூப் ஒன்றையும் விடாமல் சுற்றி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் போய், சிரிக்கிற எமோஜியோடு எனக்கே திரும்பி வந்துவிட்டது. பேசியவர் பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கிற மனிதர். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கென்று ஒரு கமெண்ட் வரும்.

பிள்ளைகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "சேத்ரி சேத்ரிங்கிறாங்க. அவர் கோல் போட்டதெல்லாம் யாருக்கு எதிரா? மாலத்தீவு, நேபாளம். நம்ம ஊர்ப் பயலுகளே போட்ருவாய்ங்க" என்கிறார். இந்தியக் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரியைத்தான். கூட்டம் சிரிக்கிறது. மேடையில் இருந்த நம்ம ஆட்களும் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இறுதியாட்டம் முடிந்து, வலையை அவிழ்த்து, பந்தைப் பைக்குள் போட்ட பிறகு காரில் வந்து இறங்கியவருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? ஏசுவதென்றால் ஏசுங்கள். ஆனால் வந்து பார்த்துவிட்டு ஏசுங்கள்.

இதை நான் சொல்லவில்லை, சேத்ரியே சொன்னார். 2018 ஜூன், மும்பையில் நாலு நாடுகள் ஆடிய போட்டி. சீன தைபேக்கு (தைவான்தான்) எதிராக இந்தியா 5-0, அதில் மூன்று கோல் அவருடையது. பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். இந்திய அணி, மும்பை மாதிரி ஊர், வந்தது அவ்வளவுதான். மறுநாள் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அடுத்த ஆட்டம் கென்யாவோடு, அவருக்கு நூறாவது சர்வதேசப் போட்டி. கொட்டுகிற மழையில் மைதானம் நிரம்பியது. இரண்டு கோல் போட்டார். ஒரு நாட்டு கேப்டன் கேமரா முன்னால் உட்கார்ந்து கூட்டத்துக்குக் கையேந்த வேண்டியிருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை, மாலத்தீவு மட்டும் தோன்றுகிறது.

சரி, மாலத்தீவுக்கே வருவோம். 2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக், குவைத்தோடு 0-0. அத்தோடு ஓய்வு என்று அழுதுகொண்டே வெளியே போனார். அதுவரை 151 ஆட்டம், 94 கோல். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் அடுத்தது இவர்தான். பத்து மாதம் கூட ஆகவில்லை, கோல் போட ஆளில்லை என்று திரும்பக் கூப்பிட்டார்கள். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல். வயது 40. உயரம் 5 அடி 7 அங்குலம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஹெட்டர் போடுவதென்றால் பந்து எங்கே இறங்கும் என்று டிபெண்டருக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் பார்க்கிறவனுக்கு இது புரியும். ஸ்கோரை மட்டும் போனில் பார்க்கிறவருக்கு 'மாலத்தீவு' என்ற பெயர்தான் கண்ணில் படும்.

நேபாளம், மாலத்தீவைக் கழிக்கலாம் என்றால் ரொனால்டோ லக்சம்பர்க்குக்குப் போட்டதையும் கழியுங்கள். மாட்டீர்கள். அவருடைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் பாதிப்பேர் அந்த விழாவுக்கே வந்திருந்தீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டை அணைந்தவனிடம் போய் "அது சின்ன மாடுப்பா" என்று சொல்லிப் பாருங்களேன்.

என் பெரியப்பா பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் ஓவல்டின் டப்பாவோடு மொக்தார் தஹாரி கதையும் வரும். மலேசியாவின் பெரிய ஸ்ட்ரைக்கர், ஃபிஃபா கணக்கில் 89 கோல். அதில் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆசிய நாடுகள்தான். ஆனால் "யாருக்கு எதிரா?" என்று அங்கே எவரும் கேட்டதில்லை என்பார் பெரியப்பா. கடை அடைத்ததும் ஓடிப்போய் நின்று பார்த்தவர் அவர், கணக்குப் புத்தகத்தில் பார்த்தவர் இல்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற சிறுவன், பிறகு இந்தியாவுக்கே கேப்டன், 2003-ல் அர்ஜுனா விருது. ஐ.எம்.விஜயன். 1999-ல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது விநாடியில் கோல் போட்டவர். (பூட்டான்தானே என்று இப்போதே ஒருத்தர் டைப் பண்ணிக்கொண்டிருப்பார்.) நம்ம ஊரில் அவர் படத்தைக் காட்டினால் "சினிமாவில் வில்லனா வருவாரே" என்கிறார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கால்பந்து.

"சேத்ரி இவ்வளவு கோல் போட்டும் உலகக் கோப்பைக்குப் போனோமா?" என்று கேட்பீர்கள். போகவில்லை. பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருத்தன் எப்படித் தூக்கிக்கொண்டு போவான்? 2008-ல் டெல்லியில் ஆசிய நாடுகளின் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம், தஜிகிஸ்தானுக்கு எதிராக சேத்ரி மூன்று கோல் போட்டார், கோப்பை நமக்கு வந்தது. அதனால்தான் 1984-க்குப் பிறகு முதல்முறையாக, 2011 ஆசியக் கோப்பையில் இந்தியா கால் வைத்தது. அங்கே பஹ்ரைனுக்கு ஒன்று, தென் கொரியாவுக்கு ஒன்று. தென் கொரியா சின்ன நாடா என்று அந்த விருந்தினரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

"அப்ப ஏன் வெளிநாட்டில் நிற்கவில்லை?" போனார். லண்டனில் கியூ.பி.ஆர். கிளப் எடுக்கத் தயாராக இருந்தது. இந்தியா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று வேலை அனுமதி தர மறுத்துவிட்டார்கள். காலில் ஒரு குறையும் இல்லை, பாஸ்போர்ட்டில் குறை. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்கின் பி அணி என்று போய்ப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பெஞ்சில் உட்காருவதும் ஒரு ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கைதான்.

நாற்பது வயதிலும் இடத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன்களுக்கு வழிவிடவில்லை என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 14 கோல். இந்தியர்களில் அதற்கு மேல் யாரும் போடவில்லை. கிளப்புகள் முன்வரிசையில் வெளிநாட்டு ஆட்களை நிறுத்தினால் நம்ம பையன் எங்கே கோல் போட்டுப் பழகுவான்? பழியை மட்டும் கிழவன் தலையில் கட்டுங்கள்.

நான் ஆடிய காலத்தில் மைதானம் என்று ஒன்று கிடையாது. கோடையில் வற்றிய கண்மாய்தான். வெடித்த மண், ஓரத்தில் கருவேலம். பந்து முள்ளில் போனால் சைக்கிள் கடை அண்ணனிடம் ஓடுவோம், பிளாடரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து பஞ்சர் ஒட்டித் தருவார். ஸ்ட்ரைக்கர் என்றால் சும்மா நிற்கிறவன் என்று எங்கள் அப்பாவே சொல்வார். பந்து வராத நேரமெல்லாம் டிபெண்டரை இழுத்துக்கொண்டு ஓடி, அடுத்தவனுக்கு இடம் உண்டாக்குகிறோமே, அதை யார் பார்த்தார்கள்? கோல் விழுந்தால் தெய்வம், விழாவிட்டால் தண்டச்சோறு.

இப்போது என்னிடம் ஆட்டம் பழகும் ஒரு சின்னப் பெண். பெயர் வேண்டாம். பந்து காலுக்கு வருவதற்குள் ஒருமுறை இடது தோளைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துவிடுவாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சேத்ரி வீடியோ பார்த்துப் பழகியது. அன்று மேடையில் கோப்பையோடு நின்றது அவள்தான். எல்லாரும் சிரித்தபோது "மாமா, நாம சிரிக்கணுமா?" என்று என்னைக் கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? சிரித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அந்தப் பெண் ஆட்டத்துக்கு அவள் வீட்டிலிருந்தே ஒருத்தர் வருவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ட்யூஷனுக்கு வாசலில் வண்டியோடு காத்திருக்கிற அப்பச்சிகள் மைதானப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பொருட்காட்சி, பட்டிமன்றம் என்றால் அந்த மைதானத்திலேயே நிற்க இடம் இருக்காது. ராட்டினத்துக்குத் தோண்டிய குழியை யாரும் மூடுவதில்லை, நாங்கள் மண் அள்ளிப் போட்டு மூடுகிறோம். போன வருடம் அதில் கால் மடங்கி ஒரு பையன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். நல்ல இடதுகால் ஆட்டக்காரன். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் இருக்கிறான், பார்த்தால் பேச்சை மாற்றுகிறான். இதையும் மைக்கில் சொல்லிச் சிரிக்க வேண்டியதுதானே.

நேற்று இதைச் சுருக்கமாக ஸ்டேட்டஸ் போட்டதற்கே, "மாப்ளே, நீ பெரிய ஸ்ட்ரைக்கர் ஆக முடியல, அந்த வயித்தெரிச்சல்" என்று ஒரு கமெண்ட். அதை அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும். எழுதியவரும் அந்தக் கண்மாயில் என்னோடு ஆடியவர்தான். எனக்குப் பாஸ் போட வேண்டிய இடத்தில் ஆடினார். அவர் போட்ட பாஸில் பாதிக்கு நான் ஆப்சைடில் நின்றேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.