மும்பை பட்ஜெட் மேயர் கையிலா?

தாராவி, மாட்டுங்கா பக்கத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "74,000 கோடி ரூபாய் பட்ஜெட்டை ஒரே ஆளாக நடத்துபவர் மும்பை மேயர். அவரைப் பிரதமராக்கினால் நாடு உருப்படும்."

தொகை சரிதான், 2025-26க்கான மாநகராட்சி பட்ஜெட் அதைத் தாண்டியது. நடத்துவது மேயர் என்பதுதான் தவறு. 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் ஆணையருக்கு. அவர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பெரிய ஒப்பந்தங்களுக்கு, கவுன்சிலர்கள் அடங்கிய நிலைக்குழு தலையாட்ட வேண்டும். அதற்குத் தலைவரும் மேயர் அல்ல. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டரை ஆண்டுக்கு. மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விருந்தினரை வரவேற்பார்.

வேடிக்கை என்னவென்றால், 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்து மூன்று ஆண்டுக்கும் மேல் மும்பை மேயரே இல்லாமல் இருந்தது. செய்தி பெருமையடிக்கும் அந்த பட்ஜெட்டே மேயர் இல்லாத காலத்தில், ஆணையர் நிர்வாகியாக இருந்தபோது போட்டது!

அப்புறம், "மேயரெல்லாம் டெல்லியில் எடுபட மாட்டார்கள்" என்று பதிலுக்கு எழுதுகிறார்களே, அதுவும் தவறு. மும்பை மேயராக இருந்த மனோகர் ஜோஷி 1995இல் முதல்வர், 2002இல் மக்களவைத் தலைவர். ஆனால் அவரைத் தூக்கிவிட்டது கட்சி. மேயர் நாற்காலி அல்ல.