முட்டை ஓடு நத்தையைத் தடுக்குமா?

"முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடுங்கள், கூர்மை குத்துவதால் நத்தை அண்டாது" என்ற குறிப்பு மறுபடியும் பரவுகிறது. இது தவறு.

நத்தையும் ஓடில்லா நத்தையும் தாங்களே சுரக்கும் கெட்டியான கோழையின் மேல்தான் ஊர்கின்றன. கூரான விளிம்பு அவற்றுக்குப் பெரிய தடையில்லை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-இல் லெட்டூஸ் செடிகளில் முட்டை ஓடு, செம்புப் பட்டை, பைன் மரப்பட்டை, கூர்மணல், கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் சோதித்தது. தடுப்பே இல்லாத செடிகளைவிட இவை குறைவாகக் கடிபட்டதாகத் தெரியவில்லை. முட்டை ஓடுகளை உரக்குழியில் போடுங்கள், வீணாகாது.

உப்புத் தூவச் சொல்வது இதைவிட மோசம். நத்தை சாகும், சரி. ஆனால் மண்ணில் உப்பு ஏறினால் வேர் நீரை இழுக்கத் திணறும். நாம் காப்பாற்ற நினைத்த செடியே வாடும்.

இருட்டியபின் டார்ச்சுடன் போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. கையுறை கட்டாயம் வேண்டும், சில நத்தைகளில் மனித மூளையைத் தாக்கக்கூடிய எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இருக்கும். ஈரப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு வைத்தால் பகலில் அதன் அடியில் ஒதுங்கும். காலையில் புரட்டி எடுத்துவிடலாம். அப்புறம், தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். இரவில் மண் காய்ந்திருந்தால் அவற்றின் நடமாட்டம் குறையும்.