வெயிட் ஸ்டக் ஆனவர்களும் ஆறு முட்டையும்

சோறு, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டு முட்டை, கறி, நெய், பாதாம் என்று சாப்பிடும் பேலியோ டயட் குழுமங்களில் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "முதல் மூணு மாசம் சர்ருனு இறங்குச்சு. இப்ப வெயிட் ஸ்டக். ஒரு மாசமா முள்ளு அசையல. என்ன பண்றது?" கீழே பதில்கள் வரிசை கட்டி நிற்கும். பாதாமை நிறுத்துங்க என்பார் ஒருவர். பன்னீரை நிறுத்துங்க என்பார் இன்னொருவர். முட்டை ஃபாஸ்ட், பெரும்பாலும் கொழுப்பையே தின்னும் ஃபேட் ஃபாஸ்ட், நாளைக்கு ஒரு வேளை மட்டும் உணவு, காய்கூட இல்லாமல் வெறும் கறி தின்னும் கார்னிவோர், கடைசியில் 48 மணி நேரத் தண்ணீர் விரதம் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம். "இப்ப ஒரு நாளைக்கு என்னென்ன, எவ்வளவு சாப்பிடறீங்க?" என்று திருப்பிக் கேட்பவரைத்தான் காணோம்.

நம் உடம்பில் நாமே சோதித்துப் பார்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மாவுச்சத்தைக் குறைக்கும் டயட் உலகத்துக்குத் தெரியவந்ததே அப்படித்தான். 1863இல் தன் எடை இறங்கிய கதையைச் சிறு பிரசுரமாக வெளியிட்ட வில்லியம் பேன்டிங் டாக்டர் இல்லை. லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்துகொடுத்தவர். அந்த உணவு முறையை அவருக்குச் சொன்னவர்தான் டாக்டர். என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. எடை நின்றவுடன் தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறோம். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம், எப்போது நிறுத்துவோம் என்று எந்த முடிவும் கிடையாது. ஐந்தாம் நாள் மெஷினில் ஏறி நின்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இதைச் சோதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முட்டை ஃபாஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். விதி சுலபம். நாளைக்குக் குறைந்தது ஆறு முட்டை, முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது நெய், வேண்டுமானால் கொஞ்சம் சீஸ். வேறெதுவும் கிடையாது. மூன்று முதல் ஐந்து நாள் வரை. நானும் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் காலையில் வெண்ணெயில் பொரிந்த ஆம்லெட் அமிர்தம். மறுநாள் மதியம், வாணலியில் வெண்ணெய் உருகும் வாசம் வந்தபோதே தொண்டை அடைத்தது. மூன்றாம் நாள் அவித்த முட்டையின் மஞ்சள் கரு மேலண்ணத்தில் மாவாக ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம ஏகாதசி இருந்துட்டுப் போயேன்டா, புண்ணியமாவது கிடைக்கும்" என்றார்.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். முட்டைக்குச் சுமார் 70 கலோரி, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய்க்கு 100. ஆறு முட்டைக்கும் வெண்ணெய்க்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான். பசித்தால் இன்னும் சாப்பிடலாம் என்று விதி தாராளமாகத்தான் சொல்கிறது. ஏழாவது முட்டை யாருக்கு இறங்கும்? இன்சுலின், உடம்பு கொழுப்பை எரிபொருளாக்கும் கீட்டோசிஸ் என்று என்னென்னவோ விளக்கம் சொல்லும் நாம், அலுப்பில் ஆயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட முடியாமல் போனதை மட்டும் சொல்வதில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் எதிர்முகாமைப் பாருங்கள். 2010இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைவர் கிறிஸ் வோய்ட், தினம் 20 உருளைக்கிழங்கு வீதம் 60 நாள் அதை மட்டுமே சாப்பிட்டார். அரசின் உணவு உதவித் திட்டம் ஒன்று உருளைக்கிழங்கை ஒதுக்கியதற்கு அது அவருடைய எதிர்ப்பு. மனிதருக்கு எடையைக் குறைக்கும் எண்ணமே இல்லை. ஆனாலும் ஒன்பதரை கிலோ குறைந்தது. அதே வருடம் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் அடைத்த கேக்கும் சிப்ஸும் சாப்பிட்டார். நாளைக்குச் சுமார் 1800 கலோரி என்று ஒரே ஒரு கட்டுப்பாடு. 12 கிலோ குறைந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டியூக் பல்கலைக்கழகத்து வால்டர் கெம்ப்னர் கதை. 1939 வாக்கில் அவர் ரத்த அழுத்த நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கொடுத்த உணவு வெள்ளை அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பின்னாளில் அதையே உடல் பருமனுக்கும் கொடுத்தார். 1975இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 106 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 45 கிலோ இறங்கியவர்கள். வெள்ளைச் சோறு சாப்பிட்டு! எங்கள் குழுமத்தில் இதை எழுதினால் அட்மின் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்.

முட்டையும் வெண்ணெயும் ஒரு துருவம், சோறும் உருளைக்கிழங்கும் மறுதுருவம். இரண்டிலும் எடை இறங்குகிறது. தட்டில் ஒன்றிரண்டு பொருள்தான் என்றாகிவிட்டால் சாப்பிடும் ஆசை தானாகச் சுருங்கிவிடுகிறது. குறுகிய டயட் எதுவானாலும் முதல் வாரம் வேலை செய்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளைக்கு 2000 செலவழிக்கும் ஒருவர் முட்டை ஃபாஸ்ட்டில் 1000 சாப்பிட்டால் ஐந்து நாளில் பற்றாக்குறை 5000. கரைந்த கொழுப்பு முக்கால் கிலோகூட இல்லை. ஆனால் மெஷின் இரண்டு கிலோ குறைந்ததாகக் காட்டும். மீதி எங்கிருந்து வந்தது? உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமுக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது போகும். உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். காய்கறி இல்லாததால் குடலில் சக்கையும் குறையும். ஆறாம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி நீர் கோத்து எடை ஏறி இறங்குவது தனி. அதே டயட்டை எந்த வாரத்தில் ஆரம்பித்தார் என்பதைப் பொறுத்து அது அற்புதமாகவும் தெரியும், தோல்வியாகவும் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் அதை மறைத்துவிடலாம். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் வீங்கி நீர் கோத்தது. உள்ளே கரைந்துபோன சதையின் அளவை மெஷின் குறைத்துத்தான் காட்டியது. மெஷினை மட்டும் நம்பி டயட்டை மாற்றாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். இடுப்பளவு டேப் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சரி, உண்மையிலேயே ஸ்டக் ஆகியிருந்தால்? இடுப்பும் மாறவில்லை, எடையும் மாறவில்லை, மாதங்கள் ஓடிவிட்டன என்றால்?

அது அந்தச் சாப்பாட்டுக்கு உங்கள் உடம்பு வந்து சேர வேண்டிய இடம். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு குறைகிறது. பசி அதைவிட மோசம். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2016இல் ஒரு அழகான வேலை செய்தது. கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களின் தரவை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். தினம் சுமார் 350 கலோரி, எடுப்பவருக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். அப்படியானால் எடை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? நாலு கிலோ போல இறங்கி நின்றுவிட்டது. இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் தினம் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள், அதுவும் தெரியாமலே.

அந்தக் 'தெரியாமலே'தான் முக்கியம். 1992இல் நியூயார்க்கில், 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. உடம்பின் செலவு எல்லோருக்கும் சரியாகவே இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நூறு பாதாம் என்பது எழுநூறு கலோரி. முதல் மாதம் எண்ணி ஊறவைக்கிறோம். நாலாம் மாதம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறோம். பட்டர் டீ ஒன்று இரண்டாகிறது. பொரியலுக்குத் தேங்காய் கூடுகிறது. எல்லாமே பட்டியலில் அனுமதிக்கப்பட்டவைதான், அதனால் மனசும் உறுத்துவதில்லை.

பெரியம்மா மகன் போன வருடம் போன் செய்தான். "அண்ணே, 84ல ஸ்டக் ஆயிருச்சுண்ணே. கார்னிவோர் போயிரலாமா?" ரெண்டு வாரம் எல்லாத்தையும் எடை போட்டு எழுதிப் பாருடா என்றேன். "நான் திருட்டுத்தனமா திங்கறேன்னு சொல்றியாண்ணே?" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். கார்னிவோருக்கும் போனான். கொழுப்பு பயம் முழுக்க விடாததால் தோல் உரித்த பிராய்லர் நெஞ்சுக்கறியாகவே வாங்கித் தின்றான். அந்த வாரக் கடைசிக்குள் குமட்டல், வயிற்றுப்போக்கு, நடந்தால் கிறுகிறுப்பு. இது 1928லேயே நடந்த கதை. துருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன், வெறும் கறி தின்று வாழ முடியும் என்று காட்ட நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் சேர்ந்தார். கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது மூன்றாம் நாளே படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். இன்று கார்னிவோர் குழுமங்களில் ஸ்டெஃபான்சன் ஒரு குலதெய்வம். அந்த மூன்று நாளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

382 நாள் உண்ணாமல் 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியரி கதையையும் இப்படித்தான் பாதியாகப் பகிர்கிறார்கள். 1965-66இல் டண்டீ மருத்துவமனை அவரைக் கண்காணித்தது, வைட்டமின், பொட்டாசியம் கொடுத்தது, ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தது. ஃபார்வர்ட் ஆகும் கதையில் மருத்துவமனை காணாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட டயட்டில் உயிர் போன வரலாறும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் பெரிய மோகமாக இருந்தது. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய தரங்குறைந்த புரதம், நாளைக்கு ஐந்நூறு கலோரிக்கும் குறைவு. ஏறத்தாழ 60 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகியிருந்தது.

அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்டால், என் விருப்பம் இறுக்குவதைவிட நிறுத்தி வைப்பது. 2017இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் பருமனான ஆண்களில் ஒரு சாரார் இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடை மாறாத அளவுக்குச் சாப்பாடு என்று மாறி மாறி இருந்தார்கள். விடாமல் டயட் இருந்தவர்களுக்கு 9 கிலோ குறைந்தபோது இவர்களுக்கு 14 கிலோ குறைந்தது. பிறகு வேறு ஆட்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தென்படவில்லை, அதனால் இதையும் மந்திரம் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். சோதனைதான் வேண்டுமென்றால் ஒரே ஒரு மாற்றம், நாலு வாரமாவது, இடுப்பளவு, முன்னும் பின்னும் யூரிக் ஆசிட் உட்பட ரத்தப் பரிசோதனை. தலைசுற்றல், படபடப்பு வந்தால் அன்றே நிறுத்தம் என்று தொடங்கும் முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால் ஐந்து நாளில் "சைட் எஃபெக்ட் எதுவும் இல்லை" என்று பதிவு போடக்கூடாது.

இன்னொன்று, 96இல் இருந்து 80க்கு வந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருப்பவர் அந்த 80இலேயே இரண்டு வருடம் நின்றால் எனக்கு அது பெரிய வெற்றி. 72தான் வேண்டும் என்று யார் எழுதிக்கொடுத்தார்கள்?

சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இந்த விளையாட்டுக்கே வரவேண்டாம். மேலே சொன்ன கானாகிளிஃப்ளோசினின் தம்பிதான் டாபாகிளிஃப்ளோசின். 2020இல் காப்புரிமை முடிந்து விலை விழுந்தபின் நம் ஊரில் நிறையப் பேர் எடுக்கிறார்கள். இதை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அறவே விட்டாலோ, ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலோ ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். கொடுமை என்னவென்றால், அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய நார்மலாகவே காட்டலாம். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால்கூட "சுகர் சரியாத்தானே இருக்கு" என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015லேயே இதை எச்சரித்துவிட்டது. கிளிமிபிரைட், இன்சுலின் எடுப்பவர்களுக்கு நேர்மாறான ஆபத்து, சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் 'கிளிஃப்ளோசின்' (gliflozin) என்று முடிந்தால், முட்டை ஃபாஸ்ட்டோ தண்ணீர் விரதமோ டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம்.