பூச்சு இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும்
கிருமிகொல்லும் பல்பகுதியம் (பிளாத்திக்குப் போன்ற நீள்சங்கிலி மூலக்கூற்றுப் பொருள்) பூசிய கட்டில் கம்பிகளை அடிக்கடி துடைக்கத் தேவையில்லை என்று நான் வாசித்த கட்டுரையொன்று கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பூச்சின் நேர்மின்னேற்றம் பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்தே அதைக் கொல்கிறது. ஆகவே இறந்த கலங்களும் வியர்வைப் பிசுக்கும் மேலே படிந்துவிட்டால், புதிதாக வரும் கிருமி பூச்சைத் தொடுவதேயில்லை. சென்ற மாரியில் திருகோணமலையில் நோயுற்றிருந்த அம்மாவின் அருகே இருந்த நாட்களில், கட்டில் கம்பியில் அவர் பிடித்து எழும்பும் இடம் மட்டும், காலையில் துடைத்தாலும், மாலைக்குள் மீண்டும் பிசுபிசுத்ததை என் விரல்களாலேயே உணர்ந்தேன். கிருமிகொல்லும் இன்னொரு வகைப் பரப்பான செப்புக் கலப்புலோகங்கள் 2 மணி நேரத்தில் 99.9 சதவீதப் பற்றீரியாக்களைக் கொல்லும் என்பதை 2008இல் ஏற்றுப் பதிவுசெய்த அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும்கூட, அவை வழமையான துப்புரவுக்குத் துணையே தவிர மாற்றல்ல என்ற நிபந்தனையுடன்தான் அதைச் செய்தது.