உண்மை விளக்கம்: மீனுக்காக வாளியில் கொசுப்புழு வளர்த்தால் கொசு குறையுமா?

யாங்கோனில் மழை பிடித்துக்கொண்டதும் நம்மவர்களின் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது: "வாசலில் ஒரு வாளித் தண்ணீரை மூடாமல் வையுங்கள், அதில் வரும் கொசுப்புழுவை மீன் தொட்டியில் போட்டால் வேறு தீனியே வேண்டாம், தெருவில் கொசுவும் ஒழியும்."

கொசுப்புழு நல்ல தீனி என்பதில் ஐயமில்லை. உலர்தீனியை ஏறெடுத்தும் பாராத சண்டை மீன்கூட நெளிகிற புழுவைக் கண்டால் பாய்ந்து வரும். சாக்கடைச் சேற்றில் அள்ளும் ட்யூபிஃபெக்ஸ் புழுவைவிட அது தூய்மையானதும்கூட.

கொசு ஒழியும் என்பதுதான் தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய வாளியையே நாடி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையிடுகிறது; நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரித்த 7 முதல் 10 நாளில் கொசு பறந்துவிடும். வலையில் சிக்காமல் தப்பிய, காற்புள்ளிபோல் சுருண்டு மிதக்கும் கூட்டுப்புழுக்கள் சிலவே அதற்குப் போதும். வாளியைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிர்தாங்கும் என்பதால், உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வேறு தீனி வேண்டாம் என்பதும் பொருந்தாது. ஷான் மாநிலத்து ஹோபோங் அருகே 2006இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ 2 சென்டிமீட்டரே வளரும் கேலக்ஸி மீனின் வாய்க்கு முற்றிய புழு மிகப் பெரிது. அதற்கு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சே ஏற்றது: லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்த நீரில் அதன் முட்டைகளைப் போட்டு, காற்றுக்குழாய் விட்டு வைத்தால், 28 பாகை செல்சியஸில் சுமார் ஒரு நாளில் பொரிந்துவிடும், நன்னீரில் அலசிக் கொடுக்கலாம்.